முன்பாரம் பார்த்துப் புறப்படுங்கள்

இங்கிலாந்தில் இருபத்தைந்து வருடமாகக் கரவன் இழுக்கிறேன். கடைசி நாலு வருடம் மின்காரில். இப்போது கரவன் வாங்க நினைக்கும் பிள்ளைகள் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "மாமா, மின்கார் கரவனை இழுக்குமா?" 2030 இலிருந்து இந்த நாட்டில் புதிய பெற்றோல், டீசல் கார்கள் விற்பனைக்கு வராது. ஹைபிரிட்டுக்கு 2035 வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். ஆகவே இது உங்கள் தலைமுறை தப்ப முடியாத கேள்வி. ஆளாளுக்குத் தொலைபேசியில் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

1. வலுவைப் பற்றிக் கவலை வேண்டாம். இருப்பைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

எக்ஸிட்டரைத் தாண்டி டோர்கீ போகும் ஏ380 பாதையில் டெலிகிராஃப் ஹில் என்றொரு ஏற்றம் உண்டு. டீசல் கார் வைத்திருந்த காலத்தில் அங்கே கியரைக் குறைத்து, எஞ்சின் கத்தக் கத்த ஏறுவேன். மின்காரில் அந்த ஏற்றம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மின்மோட்டர் நின்ற நிலையிலேயே முழு இழுவிசையையும் கொடுக்கும். பற்றரி அடியில் இருப்பதால் கார் பாரமாகவும் தாழ்வாகவும் நிற்கும்; பின்னால் கரவன் ஆடினாலும் அசையாது. இழுப்பதற்கு இதைவிட நல்ல கார் நான் ஓட்டியதில்லை.

குறை வேறிடத்தில். ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. 60 லீற்றர் தாங்கியில் 600. நல்ல மின்காரின் பற்றரியில் இருப்பது 75 அல்லது 80. டீசல் எஞ்சின் பெரும்பகுதியைச் சூடாக்கியே வீணாக்குவதால் அத்தனை வித்தியாசம் வெளியில் தெரிவதில்லை. மின்காரிலோ வீணாவது குறைவு. அதனால் பாரம் கூடினால் கூடியது அப்படியே கணக்கில் விழும். கரவனைக் கொழுவியதும் தூரம் ஏறக்குறைய பாதியாகும். தனியே 250 மைல் ஓடும் கார் 125 மைல் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் வழியில் 10 வீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. 80 வீதத்துக்கு மேலே சார்ஜ் மெதுவாகிவிடும். ஆகவே நடுவழியில் உங்களுக்குக் கிடைப்பது 85, 90 மைல். அதை மனதில் எழுதிவிட்டு மற்றதை யோசியுங்கள்.

2. காரை வாங்கு முன் தகட்டைப் படியுங்கள்.

கார் பெரிதாக இருக்கிறது என்பதற்காக அது இழுக்கும் என்று நினைக்காதீர்கள். முதலில் வந்த நிசான் லீஃப் எதையும் இழுக்க அனுமதி இல்லாத கார். டெஸ்லா மொடல் 3 இழுப்பது 1,000 கிலோ, மொடல் வை 1,600 கிலோ. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ், நாலு சக்கரமும் உந்தும் கியா ஈவி9 இரண்டும் 2,500 கிலோ வரை. காரின் தகட்டில் காரும் இழுவையும் சேர்ந்த மொத்த எடை போட்டிருக்கும். அந்த எண் இல்லையென்றால் அந்தக் காரில் இழுக்கக்கூடாது. விற்பவர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

நாங்கள் பழகிய காலத்தில் சொல்லித் தந்த கணக்கு ஒன்று உண்டு: பாரம் ஏற்றிய கரவன், காரின் எடையில் 85 வீதத்தைத் தாண்டக்கூடாது. இன்றும் புதியவர்களுக்கு அது நல்ல கணக்குத்தான். ஆனால் மின்காரில் ஒரு பொறி இருக்கிறது. பற்றரியால் காரே இரண்டு தொன் இருக்கும். 85 வீதம் பார்த்தால் 1,700 கிலோ வரும். மொடல் வை போன்ற காருக்கு அனுமதியோ 1,600. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

3. முன்பாரம் பின்பாரம் பாருங்கள்.

ஊரில் மாட்டு வண்டிலில் மூட்டை ஏற்றியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும். முன்பாரம் கூடினால் மாடு நடக்காது. கரவனும் அதே கதைதான். காரின் பின்னால் உள்ள டோபாரில் இறங்கும் பாரம், ஏற்றிய கரவனின் எடையில் 5 முதல் 7 வீதம் இருக்க வேண்டும். 1,300 கிலோ கரவனுக்கு 65 முதல் 90 கிலோ. தண்ணீர்க் கலனும் அரிசி மூட்டையும் அச்சுக்கு மேலே, தரையோடு இருக்கட்டும். பின் கட்டிலுக்கு அடியில் எதையும் திணிக்காதீர்கள். அதற்கென்று விற்கும் சின்னத் தராசில் ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பாருங்கள். காருக்கும் முன்பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்தப் பாரம் காரில் ஏற்றக்கூடிய பாரத்தோடும் சேரும். மின்கார்கள் பலவற்றில் அந்த மிச்சம் குறைவு. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியதும் முடிந்துவிடும்.

4. எடையைவிடக் காற்றுக்குப் பயப்படுங்கள்.

புதியவர்கள் கரவனின் கிலோவையே பார்க்கிறார்கள். சமதரையில் ஓடும்போது சக்தியைத் தின்பது எடையல்ல, முகப்பு. இரண்டே கால் மீற்றர் அகலம், இரண்டரை மீற்றருக்கு மேல் உயரம்; ஒரு சுவரை இழுத்துக்கொண்டு போகிறீர்கள். 60 மைல் வேகத்தில் காற்றின் எதிர்ப்பு 36 பங்கு என்றால் 50 மைலில் 25 பங்கு. பத்து மைல் குறைத்தால் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட மிச்சம். 100 மைல் பயணத்தில் இருபது நிமிடம் பிந்துவீர்கள், ஆனால் சார்ஜரில் நிற்கும் நேரம் குறையும். கரவனோடு மோட்டர்வேயில் சட்டம் அனுமதிப்பது 60. நான் போவது 52, 53. இடது ஓரத்தில் லொறிகளுக்குப் பின்னே போதிய இடைவெளி விட்டுப் போங்கள்.

முடிந்தால் தாழ்வான கரவன் வாங்குங்கள். எரிபா டூரிங் போல, நிறுத்திய பிறகு கூரையைத் தூக்கும் வகை. 1957 இல் எரிபாவை வடிவமைத்தவர்களில் ஒருவரான எரிக் பாகெம் விமானப் பொறியியலாளர். அவருடைய பெயரின் முதல் எழுத்துகளிலிருந்து வந்ததுதான் 'எரிபா'. காற்றை அறிந்த ஒருவர் செய்த வண்டி. இன்றைய மின்காருக்கு அது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

5. கொழுவும் வரிசையை ஓர் அட்டையில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படியுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மின்காருக்கு மாறிய முதல் வருடம், ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை, டெவன் போகும் வழி. நல்ல மழை. பற்றரியில் 11 வீதம். மோட்டர்வே சேர்விசஸுக்குள் திரும்பினால், சார்ஜர்கள் எல்லாம் சுவரோரம். காரை மூக்கு முட்ட நிறுத்த வேண்டும். கரவனோடு நுழைய இடமில்லை. மைதானத்தின் மறுகோடியில் கரவன் நிறுத்தும் இடத்துக்குப் போனேன். கரவனின் கைப்பிரேக்கை இழுத்து, முன்னால் உள்ள சின்னச் சக்கரத்தை இறக்கி, 13 முனை பிளக்கைக் கழற்றி, கரவன் கழன்று போனால் அதன் பிரேக்கை இழுக்கும் கம்பியைக் கழற்றி, கொழுக்கியின் பிடியைத் தூக்கி, சின்னச் சக்கரத்தைச் சுற்றி உயர்த்தி, காரை முன்னே எடுத்தேன். நாற்பது நிமிடம் சார்ஜ். பிறகு அத்தனையும் தலைகீழாக. கை விறைத்திருந்தது, பேரப்பிள்ளை அழுதுகொண்டிருந்தான், பின்னால் இன்னொரு கரவன் இடத்துக்குக் காத்திருந்தது. சின்னச் சக்கரத்தை முழுதாகத் தூக்க மறந்துவிட்டேன். வெளிவாசலுக்கு வருமுன்பே தார் ரோட்டில் கர்ரென்று இழுபடும் சத்தம். மனைவிதான் முதலில் கேட்டார். இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் ரப்பர் ஒரு பக்கம் சீவினதுபோலத் தேய்ந்திருந்தது. நான் மறந்தது அந்தக் கம்பியாக இருந்திருந்தால்? இன்றும் அதை நினைத்தால் வயிறு கலங்கும்.

டீசல் காலத்தில் வீட்டில் ஒருமுறை கொழுவினால், போய்ச் சேர்ந்துதான் கழற்றுவோம். இப்போது ஒரே பயணத்தில் இரண்டு, மூன்று முறை, களைத்த நேரத்தில், அந்நிய இடத்தில். மின்கார் கொண்டுவந்த பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது இதைத்தான். யாரும் இதைச் சொல்வதில்லை. அட்டை என் கண்ணாடி மறைப்பில் செருகியிருக்கிறது. நான் படிக்க, மனைவி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து "சரி" என்பார்.

பெற்றோல் நிலையத்தைப்போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் சார்ஜ் இடங்கள் இப்போது ஆங்காங்கே வருகின்றன. பாதையை அவற்றைச் சுற்றிப் போடுங்கள். பத்து மைல் சுற்றானாலும் பரவாயில்லை. வீட்டில் 100 வீதம் நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். வீட்டு மின்சாரத்துக்கு வற் வரி 5 வீதம், பொதுச் சார்ஜருக்கு 20.

6. இறக்கத்தில் அவசரப்படாதீர்கள்.

அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் மின்கார் தானே வேகம் குறைத்துப் பற்றரிக்குச் சக்தி திருப்பும். கரவனோடு அந்தத் தடுப்பை ஆகக் கூடிய அளவில் வைக்காதீர்கள். கார் சட்டென்று குறைந்தால் கரவன் முன்னே வந்து கொழுக்கியைத் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் கரவனின் பிரேக் பிடிக்கிறது. தள்ளலும் இழுப்புமாக வண்டி குலுங்கும். பற்றரி நிறைந்திருக்கும்போது இந்தத் தடுப்பு சரியாக வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். மலை உச்சியில் முகாமிட்டு முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு இறங்குகிறவர்கள் கவனம்.

7. முகாமில் கரவனுக்குத் தரும் மின்சாரத்தைக் காருக்குக் கொழுவாதீர்கள்.

நீலச் சொக்கற்றில் வருவது 10 அல்லது 16 அம்பியர். பத்தென்றால் 2.3 கிலோவாட், இரவு முழுதும் விட்டாலும் கரவனோடு நாற்பது மைலுக்குத்தான் காணும். கரவனின் உள்வயர்கள் அத்தனை மணி நேரம் அந்தப் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டவையல்ல. யன்னலால் வயர் விட்டுச் சார்ஜ் செய்வதைப் பல முகாம்கள் தடுத்திருக்கின்றன, அது நியாயம். காருக்கென்று தனிச் சார்ஜர் உள்ள முகாமை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

8. தானே ஓடும் கரவன் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

2021 இல் ஜெர்மனியின் டெத்லெஃப்ஸ் நிறுவனம், சக்கரத்தில் மோட்டரும் 80 கிலோவாட் மணி பற்றரியும் வைத்த ஒரு கரவனை அவுடி ஈட்ரோனில் கொழுவி, இஸ்னியிலிருந்து அல்ப்ஸ் மலையைக் கடந்து கார்டா ஏரி வரை 386 கிலோமீற்றர், வழியில் சார்ஜ் செய்யாமல் கொண்டுபோனது. வழி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதற்காகக் காத்திருந்தால் உங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். இருப்பதைக் கொண்டு போங்கள்.

9. நிற்கும் இடத்தைப் பயணத்தின் பகுதியாக்குங்கள்.

1885 இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர், 'வாண்டரர்' என்ற கரவனைச் செய்வித்து, ட்வைஃபோர்டிலிருந்து ஸ்கொட்லாந்தின் இன்வெர்னஸ் வரை போனார். இந்த நாட்டில் உல்லாசக் கரவன் தொடங்கியது அவரோடு என்பார்கள். இழுத்தவை இரண்டு குதிரைகள். அவற்றை அவிழ்க்க வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், ஆறவிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நாங்கள் நிற்கும்போது எனக்கு அந்தக் குதிரைகள் நினைவுக்கு வரும். கரவனுக்குள் அடுப்பு இருக்கிறது, மேசை இருக்கிறது. காலையில் அவித்த இடியப்பமும் சம்பலும் அங்கேயே பிரியும், தேத்தண்ணீர் கொதிக்கும். டீசல் காலத்தில் எத்தனை தடவை லண்டனிலிருந்து கோர்ன்வோல் போயிருக்கிறோம். வழியில் ஓர் ஊரின் பெயர்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இப்போது பேரன் சொல்கிறான்.

10. முதல் பயணம் ஐம்பது மைலுக்குள்.

சாதாரண கார் லைசென்ஸில் 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று 2021 டிசம்பர் 16 முதல் சட்டம் மாறிவிட்டது. தனிப் பரீட்சை இல்லை. அனுமதி இருக்கிறது என்பதற்காகப் பழகாமல் இறங்காதீர்கள். கரவன் கழகங்கள் நடத்தும் பயிற்சிக்குப் போய்ப் பின்னால் எடுக்கப் பழகுங்கள். பிறகு பக்கத்தில் ஒரு முகாம், இரண்டு இரவு. புறப்படும்போது பற்றரி எத்தனை வீதம், போய்ச் சேரும்போது எத்தனை, என்ன வேகம், காற்று எந்தப் பக்கம் என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். கோடைக்கொன்று, குளிருக்கொன்று. குளிரில் தூரம் இன்னும் குறையும். மூன்று பயணத்தில் உங்கள் காருக்கும் உங்கள் கரவனுக்கும் உரிய கணக்கு கிடைத்துவிடும். அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள், கோர்ன்வோலுக்குப் பாதை நான் போட்டுத் தருகிறேன்.