துடிக்காமல் விழ எங்கே சுடுவது?

கேள்வி: துப்பாக்கி உரிமம் வாங்கிவிட்டேன். நண்பர்களோடு முதன்முறையாகக் காட்டாடு வேட்டைக்குப் போகிறேன். ஆடு துடிக்காமல் சாக எங்கே குறி வைப்பது? தலையிலா?
- ஒரு வாசகர், வெலிங்டன், நியூசிலாந்து

பதில்: தலை வேண்டவே வேண்டாம். மூளை சின்னது, மேய்கிற ஆடு தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு அங்குலம் பிசகினால் தாடை உடைந்து ஓடிவிடும். இரை எடுக்க முடியாமல் நாள்கணக்கில் கிடந்து சாகும்.

நெஞ்சுக்கூடுதான் உங்கள் குறி. ஆடு பக்கவாட்டில் நிற்கட்டும். முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டியே கண்ணை மேலே கொண்டுபோங்கள். அடிவயிற்றுக் கோட்டிலிருந்து உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் நிறுத்துங்கள். இதயமும் நுரையீரலும் அங்கேதான் இருக்கின்றன. கிடாவின் முதுகுமயிரையும் உடம்பென்று சேர்த்து அளந்துவிடாதீர்கள். குண்டு மேலே போய்விடும்.

அப்பால் சற்றே திரும்பி நின்றால், மறுபக்க முன்னங்காலை நினைத்துச் சுடுங்கள். முழுக்கப் பின்புறம் காட்டினால் விரலை எடுத்துவிடுங்கள். 1773-இலேயே கேப்டன் குக் ஆடுகளை இறக்கிவிட்ட நாடு அது; இன்னொன்று வராமலா போகும்?

விழுந்ததும் ஓடிப்போய்ப் படம் எடுக்காதீர்கள். பின்பக்கமாக நெருங்கி, நீளக் குச்சியால் கண்ணைத் தொடுங்கள். இமைத்தால் உயிர் இருக்கிறது. தாமதிக்காமல் இன்னொரு குண்டு.