பட்டாளத்துக்காரர்கள் தந்த பிரஷர் பாடம்



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "நர்சம்மா பிரஷர் இருக்குன்னு மாத்திரை குடுத்தாங்க. பத்து நாள் போட்டேன். எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே, நிறுத்திட்டேன்."

உடம்பு நல்லா இருக்கும்போது மாத்திரை எதுக்கு? நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களே இதைக் கேட்டார்கள். இதற்குப் பதில் கிடைத்தது அமெரிக்காவில், ராணுவத்தில் இருந்து வீடு திரும்பிய பட்டாளத்துக்காரர்கள் மூலமாக. அந்தக் கதையை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

வயதாக ஆக ரத்தக்குழாய் இறுகிவிடுகிறது, அதற்குள் ரத்தத்தைத் தள்ள பிரஷர் ஏறத்தான் வேண்டும், குறைத்தால் ஆபத்து என்று அன்றைக்குப் பல டாக்டர்கள் நம்பினார்கள். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் ரூஸ்வெல்ட். அத்தனை படைக்கும் தலைவர் அவர்தான். 1945 ஏப்ரல் 12-ல் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். அவர் மயங்கிச் சாய்ந்த பிறகு பார்த்த பிரஷர் 300/190. ஒரு நாட்டின் ஜனாதிபதிக்கே அந்தக் காலத்தில் சரியான மாத்திரை இல்லை.

போர் முடிந்து வந்தவர்களுக்காக அந்த நாட்டு அரசாங்கம் தனி ஆஸ்பத்திரிகளை நடத்துகிறது. ஊர் ஊராக இருந்தாலும் எல்லாம் ஒரே நிர்வாகம். அதனால் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரே முறையில் ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. வாஷிங்டனில் இருந்த அப்படிப்பட்ட ஆஸ்பத்திரியின் டாக்டர் எட்வர்ட் ஃப்ரைஸ் என்பவர் 1960-களில் இந்த வேலைக்குத் தலைமை தாங்கினார்.

அவர்கள் செய்தது இதுதான். பிரஷர் இருந்தும் நடமாடிக்கொண்டிருந்த முன்னாள் வீரர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நிஜ மாத்திரை. இன்னொன்றுக்கு அதே மாதிரி தெரியும் வெறும் மாத்திரை, மருந்து எதுவும் இல்லாதது. யாருக்கு எது என்று சாப்பிட்டவருக்கும் தெரியாது, கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. இப்படி மனுசங்களை வைத்துப் பார்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் மருந்து நல்லதா கெட்டதா என்றே தெரியாத காலம் அது.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தார்கள் பாருங்கள், அதுதான் நமக்கு முக்கியம். சோதனைக்குச் சேர்ப்பதற்கு முன் எல்லோருக்கும் மருந்தில்லாத மாத்திரையைக் கொடுத்து, அதில் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமினைக் கலந்து வைத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவரின் சிறுநீர் ஒரு தனி விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று ஒளிரும். அதோடு, திரும்பி வரும்போது பாட்டிலில் மிச்சம் எத்தனை என்றும் எண்ணினார்கள். ஒழுங்காகப் போடாதவர்களையும் சொன்ன தேதிக்கு வராதவர்களையும் சேர்க்கவில்லை. ஆக, கடைசியில் வந்த முடிவு தினமும் மாத்திரை போட்டவர்களின் முடிவு. பத்து நாள் போட்டு நிறுத்தியவர்களுக்கு அது பொருந்தாது.

பிரஷர் பார்க்கும்போது இரண்டு எண் சொல்கிறார்கள் இல்லையா, அதில் கீழ் எண் 115-லிருந்து 129 வரை இருந்த 143 பேரின் முடிவு 1967-ல் வெளிவந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 70 பேரில் 27 பேருக்குப் பெரிய பாதிப்பு, அதில் 4 பேர் இறந்துவிட்டார்கள். நிஜ மாத்திரை சாப்பிட்ட 73 பேரில் பாதிப்பு 2 பேருக்கு மட்டும். சாவு இல்லை. கீழ் எண் 90 முதல் 114 வரை இருந்த 380 பேரின் முடிவு 1970-ல் வந்தது. பக்கவாதம் வந்தவர்கள் வெறும் மாத்திரைப் பிரிவில் 20 பேர், மருந்துப் பிரிவில் 5 பேர். உலகம் பூராவும் பிரஷருக்கு மாத்திரை கொடுக்கும் பழக்கம் உறுதிப்பட்டது இதற்குப் பிறகுதான்.

அன்றைக்குக் கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று ரெசர்பின். அது நம் நாட்டு சர்ப்பகந்தா வேரில் இருந்து எடுத்தது. அந்த வேர் பிரஷரைக் குறைக்கும் என்று கல்கத்தா டாக்டர்கள் இரண்டு பேர் 1931-லேயே எழுதியிருக்கிறார்கள். அதற்காக யாரும் வேரை இடித்துக் குடித்துவிட வேண்டாம்! அளவு தெரியாமல் சாப்பிட்டால் விபரீதம். மனச்சோர்வு வரும் என்பதால் அந்த மாத்திரையையே இப்போது பெரும்பாலும் கொடுப்பதில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆராய்ச்சியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண் கூட இல்லை. அங்கே ஆண், பெண் இருபாலரும் சேர்ந்த 10,940 பேரை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சி 1979-ல்தான் வெளிவந்தது. விடாமல் கவனித்து, படிப்படியாக மருந்து கொடுத்த பிரிவில் ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் 17 சதவீதம் குறைவு.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பிரஷர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கும் வேலைக்கு சுய உதவிக் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். அப்படியிருந்தும் வீட்டில் எல்லோருக்கும் பார்த்துவிட்டுத் தனக்கு என்று வரும்போது "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிற பழக்கம் நம்மிடம் போகவில்லை. வாங்கிய மாத்திரையை வீட்டுக்காரரோடு பங்கு போட்டுக்கொள்கிற அக்காமாரும் இருக்கிறார்கள். அது கூடவே கூடாது, அவருக்கு எழுதிக் கொடுக்கும் மருந்தே வேறாக இருக்கும்.

பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வேகாத வெயிலில் நடந்து போய் உடனே கையை நீட்டினால் கூடத்தான் காட்டும். வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். மாத்திரை போட்டதும் கால் வீங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். போய்ச் சொன்னால் வேறு மாத்திரை தருவார்கள். பிரஷர் குறைந்துவிட்டது என்றாலும் நிறுத்தக்கூடாது, குறைத்து வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதுவும் கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் இருப்பதைச் சேர்த்து. வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் திடீரென்று வராமல் போனாலோ, பேச்சு குழறினாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக்கோடு பிரஷர் சீட்டையும் கொண்டு வாருங்கள். சீட்டே இல்லாதவர்கள் யார் யார் என்று ஊக்குநர் குறித்துக்கொண்டு, அந்த வாரமே அவர்களை ஒன்றாகச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகட்டும்.