எல்லை கடந்த புகையும் பயிர் நஷ்டமும்

ஒரு குடியானவன் தன் நிலத்தில் சூளை வைத்து, அதன் அனலால் அடுத்த வயலின் பயிர் கருகிவிடுமாயின், அவ்வழக்கைத் தீர்க்க நீதிமன்றம் உண்டு. சூளை ஓர் அரசின் எல்லைக்குள்ளும், பயிர் வேறோர் அரசின் எல்லைக்குள்ளும் இருக்குமாயின் தீர்ப்பளிப்பவர் யார்? சர்வதேசச் சட்டத்தில் இக்கேள்விக்குத் தெளிவான விடையைப் பெற்றுத் தந்தவர்கள் வட அமெரிக்காவில் கொலம்பியா நதிப் பள்ளத்தாக்கிலிருந்த குடியானவர்களே ஆவர்.

வழக்கின் வரலாறு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து ட்ரெயில் என்னும் ஊரில் 1896-ஆம் ஆண்டில் உலோகம் உருக்கும் ஆலையொன்று தொடங்கப்பட்டது. அமெரிக்க எல்லை அங்கிருந்து சுமார் 7 மைல் தூரமே. ஈயமும் துத்தநாகமும் பிரித்தெடுக்கும் வேலை பெருகவே, 1925, 1927 ஆகிய ஆண்டுகளில் 409 அடி உயரமுள்ள இரண்டு புகைபோக்கிகள் கட்டப்பட்டன. தாதுவிலிருந்த கந்தகம் எரிந்து வாயுவாகி அவற்றின் வழியே வெளியேறிற்று. 1930-இல் நாளொன்றுக்கு 300 டன்னுக்கு மேற்பட்ட கந்தகம் இவ்விதம் காற்றிற் கலந்தது. புகை பள்ளத்தாக்கின் வழியே தெற்கு நோக்கிச் சென்று, அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாகாணத்து நிலங்களிற் படிந்தது.

கந்தக டையாக்ஸைடு வாயு இலைகளின் நுண்துளைகள் வழியே உட்புகுந்து, நரம்புகளுக்கிடையே வெளுத்த திட்டுக்களை உண்டாக்கும். மிகுந்தால் இலை கருகி உதிரும். குதிரை மசால் போன்ற பயிர்கள் இதனால் எளிதிற் கெடும். காற்றில் ஈரம் மிகுந்த வேளையில் தீங்கு அதிகம்.

குடியானவர்களுக்கு நேரான பரிகாரம் கிட்டவில்லை. அயல்நாட்டு நிலத்திற்கு நேர்ந்த நஷ்டத்தைக் கனடாவின் நீதிமன்றத்தில் வழக்காட அக்காலச் சட்டம் இடந்தரவில்லை. அந்நியர் நிலம் வாங்குவதை வாஷிங்டன் மாகாணச் சட்டம் தடுத்தமையால், கம்பெனியார் அந்நிலங்களை விலைக்கு வாங்கி வழக்கை முடிக்கவும் இயலவில்லை. ஆகவே குடியானவர்கள் 1928-இல் ஒரு சங்கம் அமைத்துத் தம் அரசின் மூலமாக முயன்றனர். இரு நாட்டுக் கூட்டுக் கமிஷன் 1931-இல் 3,50,000 டாலர் நஷ்டஈடு சிபாரிசு செய்தது. புகையோ நிற்கவில்லை. 1935-இல் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டு, மூவர் அடங்கிய மத்தியஸ்த சபையிடம் வழக்கை ஒப்புவித்தன.

தீர்ப்பு

அமெரிக்கத் தரப்பார் 20 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை கோரினர். 1938-இல் சபை அளித்ததோ 78,000 டாலரே. திருத்திய விளைநிலங்களுக்கும் திருத்தாத நிலங்களுக்கும் மாத்திரமே ஈடு கிடைத்தது. கால்நடைகளுக்கு நேர்ந்ததாகக் கூறிய நஷ்டம் ருசுவாகவில்லை. வியாபார நஷ்டம் நேரடியானதன்று என்று தள்ளப்பட்டது.

1941 மார்ச் 11-இல் வெளியான இறுதித் தீர்ப்பே பெருஞ்சிறப்புடையது. தன் எல்லைக்குள் எழும் புகை அயல்நாட்டுக்குப் பெருந்தீங்கு செய்யுமாறு விட்டுவிட எந்த அரசுக்கும் உரிமையில்லை என்றும், அத்தீங்கு ஐயமற்ற சாட்சியத்தால் நிலைநாட்டப்பட வேண்டும் என்றும் சபை விதித்தது. காற்றின் போக்கு, பயிர்ப்பருவம் ஆகியவற்றைக் கருவிகளால் கணித்து, புகையை அதற்கேற்பக் குறைக்கவும் ஏற்பாடு செய்தது. இதற்கிடையே கம்பெனியார் கந்தகத்தை வீணே வெளிவிடாமல் திராவகமாக்கி, அம்மோனியம் சல்பேட் உரம் செய்யத் தொடங்கியிருந்தனர். பயிரைக் கெடுத்த பொருளே பயிருக்கு உணவாயிற்று.

விதியின் வளர்ச்சி

இவ்விதி 1972-இல் ஸ்டாக்ஹோம் மகாநாட்டிலும், 1992-இல் ரியோ மகாநாட்டிலும் உலக நாடுகளின் பிரகடனங்களில் இடம்பெற்றது. 1992-இல் பருவநிலை மாற்றம் குறித்த உடன்படிக்கையும், 2015-இல் பாரிஸ் உடன்படிக்கையும் ஏற்பட்டன.

ட்ரெயில் வழக்கில் ஆலை ஒன்று, பள்ளத்தாக்கும் ஒன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் கரியமில வாயுவோ எண்ணிறந்த இடங்களிலிருந்து எழுந்து உலகின் காற்று முழுவதிலும் கலக்கிறது. ஒரு வயலின் நஷ்டத்திற்கு இன்னாரே காரணம் என்று காட்டுவது அரிதாகிறது. வனுவாட்டு என்னும் சிறு தீவு நாட்டின் முயற்சியால், 2023-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இவ்விஷயத்தைச் சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக்கு விடுத்தது. பருவநிலைக்குப் பெருந்தீங்கு நேராதபடி தக்க கவனத்துடன் தடுப்பது அரசுகளின் சட்டக் கடமை என்றும், காரணத்தைக் காட்டுதல் கடினமாயினும் இயலாததன்று என்றும் அந்நீதிமன்றம் 2025 ஜூலை 23-இல் ஒருமனதாக அபிப்பிராயம் அளித்தது. ஆலோசனை அபிப்பிராயம் தீர்ப்பைப்போல் எவரையும் கட்டுப்படுத்தாதாயினும், அதற்கு மதிப்பு மிகுதி.

நில உடைமையாளரும் கிராம உத்தியோகஸ்தரும் இவ்வழக்கிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நியாயம் குடியானவர் பக்கமிருந்தும், ருசுவான அளவுக்கே ஈடு கிடைத்தது. ஆகவே பயிருக்குக் கேடு நேருங்கால், இலை கெட்ட தேதி, அன்றைய காற்றின் திசை, கெட்ட பரப்பு, கேடுறாத அயல் வயலின் மகசூல் ஆகியவற்றை அன்றன்றே குறித்துவைத்தல் நலம். பூச்சி, நோய், வறட்சி இவற்றால் நேர்ந்ததைத் தனியே பிரித்துக் காட்டல் வேண்டும். காலத்தே எழுதிய குறிப்பே சபையில் நிற்கும் சாட்சி.