புகைப்படத்திலிருந்து ஒரு தைல ஓவியம்

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்பர் நம் முன்னோர். அவற்றுள் ஓவியமும் இசையும் உடன்பிறந்தவை. இளம் இசைக் கலைஞர் ஒருவரைப் புகைப்படம் பார்த்துத் தைல வண்ணத்தில் தீட்டும் முறையைத் திருநீர்மலை மாணவியராகிய நாங்கள் இங்கே கூற விழைகிறோம்.

எடுத்துக்காட்டாக மாண்டலின் யு. சீனிவாஸ் அவர்களைக் கொள்வோம். 1969இல் ஆந்திராவின் பாலகொல்லில் பிறந்த அவர், சிறுவனாக இருந்தபோதே ஒரு மேல்நாட்டுக் கருவியில் கருநாடக இசையை வாசித்துச் சென்னை மேடைகளில் புகழ் பெற்றார். 2014இல் தம் 45ஆம் வயதில் மறைந்தார். அந்தச் சிறுவனை எதிரே அமர்த்தி வரைய இனி எவராலும் இயலாது. புகைப்படமே நமக்குத் துணை.

முதலாவது அளவு. புகைப்படம் 10 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் உடையதெனில், அதன்மேல் டிரேசிங் தாளை விரித்து 1 செ.மீ. கட்டங்கள் இடுக. 150 கட்டங்கள் வரும். 40 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் உள்ள கான்வாஸில் 4 செ.மீ. கட்டங்கள் இட்டால் அங்கும் 150 வரும். கட்டத்திற்குக் கட்டம் பார்த்து வரைந்தால் கண்ணும் மூக்கும் இடம் மாறா.

இரண்டாவது கருவி. சாதாரண மாண்டலினில் இரட்டை இரட்டையாக 8 தந்திகள் உண்டு. சீனிவாஸ் வாசித்த மின் மாண்டலினிலோ ஐந்தே தந்திகள். எண்ணாமல் தீட்டினால் படம் பொய்யாகிவிடும்.

மூன்றாவது வண்ணம். தைல வண்ணம் நீர்போல ஆவியாகி உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து இறுகுகிறது. ஆகவே அடிப்பூச்சை டர்பன்டைன் கலந்து மெல்லியதாகவும், மேற்பூச்சுகளை எண்ணெய் மிகுதியாகவும் இடவேண்டும். மாற்றிச் செய்தால் மேற்பூச்சு வெடிக்கும். சன்னல்களைத் திறந்து வைப்பது அவசியம். எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும்; நீரில் நனைத்தே அகற்ற வேண்டும்.

நான்காவது நிறம். புகைப்படத்தில் நிழல் வெறும் கறுப்பாகத் தெரியும். நம் கையைச் சன்னலருகே நீட்டிப் பார்த்தால் நிழலிலும் பழுப்பும் நீலமும் இருப்பது விளங்கும். முகத்தை வெளுப்பாக்குவது அழகு சேர்ப்பதன்று, ஆளையே மாற்றுவதாகும். கும்பகோணம் பகுதியில் பிறந்து 2021இல் மறைந்த ஓவியர் எஸ். இளையராஜா, நம் கிராமத்துப் பெண்களின் கருமையையும் மாநிறத்தையும் உள்ளபடியே தீட்டிப் பெருமைப்படுத்தினார். ராஜா ரவிவர்மா 1889இல் இசைப் பெண்கள் பதினொருவரை ஒரே படத்தில் தீட்டியபோது, ஒவ்வொரு நாட்டாரின் உடையையும் அணியையும் வேறுபடுத்திக் காட்டினார். அப்படம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையைச் சேர்ந்தது.

புகைப்படம் இருக்க ஓவியம் எதற்கு என்று சிலர் வினவலாம். புகைப்படக் கருவி ஒரு நொடியில் பார்த்துவிடுகிறது. ஓவியரோ ஒரே முகத்தைப் பல நாட்கள் பொறுமையுடன் பார்க்கிறார். ஒருவரை அவ்வாறு கவனித்துப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை அன்றோ? தோழியரே, உங்கள் வீட்டில் பாட்டோ வீணையோ பயிலும் தங்கையின் புகைப்படம் இருக்கும். வருகிற விடுமுறையில் அதன்மேல் முதல் கட்டத்தை இட்டுத் தொடங்குங்கள்.