கோயில் நகரில் ஒரு பொது நூலகம்



அச்சு பரவுவதற்கு முன் தமிழகத்தில் நூல்கள் கோயில்களிலும் மடங்களிலும் புலவர் வீடுகளிலும் ஓலைச்சுவடிகளாகப் பேணப்பட்டன. சிதம்பரம் கோயிலில் ‘சரஸ்வதி பண்டாரம்’ எனப்பட்ட சுவடிச்சாலை இருந்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அச்சுவடிகள் கற்றோர்க்கும் அவர்தம் மாணாக்கர்க்குமே எட்டின. சாதி, செல்வம், படிப்பு எதையும் கேளாமல் எல்லார்க்கும் நூல் வழங்கும் பொது நூலகமோ அண்மைக்கால ஏற்பாடு. திருவண்ணாமலை மாவட்ட மைய நூலகம் அவ்வேற்பாட்டின் வழி வந்தது.

இப்பொது நூலக ஏற்பாட்டிற்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர், 1892இல் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், நூலகங்கள் நிலைபெறச் சட்டம் வேண்டும் எனப் பல ஆண்டுகள் வலியுறுத்தினார். சென்னை மாகாணக் கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் காலத்தில் சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறி, 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவை, அதாவது நூலகங்களைத் திறந்து நடத்தும் பொறுப்புடைய அமைப்பை, ஏற்படுத்தியது. அக்காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த திருவண்ணாமலை, 1989இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. இன்று மாவட்ட மைய நூலகம் இவ்வூரிலும், அதைச் சார்ந்த கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் சுற்றுவட்டாரத்திலும் உள்ளன.

இவற்றைத் தாங்குவது நூலக வரி. சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 காசு வீதம் உள்ளாட்சி அமைப்பு இதை வசூலித்து ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கிறது. 2,000 ரூபாய் சொத்து வரி கட்டும் வீடு 200 ரூபாயை நூலகத்திற்கென்றே தருகிறது. வாடகைக்குக் குடியிருப்போரும் தம் வாடகை வழியாக இதில் பங்கேற்கின்றனர் எனலாம். வள்ளலின் கொடை அவர் காலத்தோடு நின்றுபோகலாம். ஊரார் அனைவரும் சிறுகச்சிறுகத் தரும் வரியோ ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும்.

ஆகவே நூலகத்துள் நுழையும் மாணவர் எவரிடமும் சலுகை பெறுபவர் அல்லர். தம் குடும்பமும் அண்டை அயலாரும் பொருளீந்து வளர்த்த பொதுச்சொத்தின் உரிமையாளர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளின் அடிப்படையும் நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பதாகும். உறுப்பினராகச் சேர்வதும், தேவையான நூல் இல்லையெனில் நூலகரிடம் எழுதிக் கேட்பதும், இரவல் பெற்றதைச் சிதைக்காமல் உரிய நாளில் திருப்பித் தருவதும் அவ்வுரிமையோடு பிறந்த கடமைகள். வாசகர் கேட்கும் நூலே வாங்கத்தக்க நூல் எது என்பதை நூலகத்திற்கு உணர்த்தும். கேட்பார் இல்லாத ஊரில் வரிப்பணம் மட்டும் நல்ல நூலகத்தை உருவாக்கிவிடாது.