குரல் பதிவுக்கு டவுன் வரை போகணுமா?



கண்காட்சி வந்தால் ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்கிறோம். பயிற்சிப் படம் எடுத்தால் அதற்குப் பின்னணிக் குரல் தேவைப்படுகிறது. "இதுக்கெல்லாம் ஸ்டுடியோவுக்குத்தானே போகணும்?" என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. இன்றைய தெலங்கானாவில், ஜஹீராபாத் பக்கம் 2008-ல் தொடங்கிய சங்கம் ரேடியோவில் கிராமத்துப் பெண்களே பேசி, பதிவு செய்து நிகழ்ச்சி நடத்தினார்கள். நம்மாலும் முடியும்.

எது செலவு?

ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். ஸ்டுடியோ வாடகை, பஸ் காசு, சாப்பாடு, அன்றைக்குப் போன கூலி. ஒரு விலையைத் தப்பாகச் சொல்லிவிட்டால் இத்தனையும் மறுபடி. இதெல்லாம் இடத்துக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவு. இதைத்தான் இணையம் குறைக்கிறது.

எப்படிச் செய்வது?

1. பேச வேண்டியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். பெயர், விலை, தேதி சரிதானா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

2. சின்ன அறையாகப் பாருங்கள். ஃபேனை நிறுத்துங்கள். சுற்றிலும் போர்வை, சேலை தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். போனை ஃபிளைட் மோடில் போட்டால் நடுவில் அழைப்பு வராது.

3. போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராகப் பிடித்தால் 'ப' சொல்லும்போது காற்று அடிக்கும். முதல் 5 விநாடி பேசாமல் இருங்கள்.

4. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளிடம் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை இறக்கச் சொல்லுங்கள். அந்த 5 விநாடியை மாதிரியாக வைத்து இரைச்சலைக் குறைக்கலாம். நடுவில் நாய் குரைத்துவிட்டால் அந்த வரியை மறுபடி பேசுவதே நல்லது.

5. ஒரு நிமிடப் பேச்சு 'வேவ்' கோப்பாக இருந்தால் சுமார் 10 எம்.பி. இருக்கும். எம்.பி.3 ஆக மாற்றினால் சுமார் 1 எம்.பி.தான், டேட்டா மிச்சம். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பாமல், கோப்பை 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். தரம் குறையாது.

உஷாராக இருப்போம்!

"வீட்டிலிருந்தே குரல் கொடுத்துச் சம்பாதிக்கலாம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று போனில் செய்தி வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வேலை வாங்குபவர்தான் நமக்குக் காசு தர வேண்டும். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

பதிவு செய்த குரலைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து, நாம் பேசாததையும் பேசியதுபோல் ஆக்க இன்று முடியும். அதனால் குரல் எதற்கு, எத்தனை நாளைக்கு, எவ்வளவு கூலி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

• நம் குழுவில் கணீரென்று பேசுபவர் யார்?
• நம் பொருளுக்கு ஒரு நிமிட விளம்பரம் எழுதிப் பதிவு செய்வோமா?
• மிச்சமாகும் பணத்தை எதற்குப் பயன்படுத்தலாம்? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுவோம்.