பொலியெஸ்டரும் வியர்வையும்: புடைவை படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

மருதமுனைத் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்து, மொறட்டுவையில் புடைவைப் பொறியியல் படிக்கப் போகிறீர்கள். பிளாஸ்மா என்றதும் உங்கள் கண் விரிகிறது. சிலது சொல்லிவைக்கிறேன்.

1. முதலில் நாரை அறியுங்கள். காற்றின் ஈரத்தில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் வாங்கும், பொலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். கல்முனை வெக்கையில் பொலியெஸ்டர் அபாயா உடுத்த பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை நான் விளக்கத் தேவையில்லை.

2. பிளாஸ்மா மெசின் இதுதான்: சில மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு மின்முனைகள், மேலே மின்காப்பு உறை, பல ஆயிரம் வோல்ற்று. நடுவிலுள்ள காற்று ஊதா நிறத்தில் ஒளிரும்; அதுதான் பிளாஸ்மா. துணி அதனூடே ஓடும். நாரின் மேற்பரப்பில் பிணைப்புகள் அறுந்து, ஒட்சிசன் வந்து ஒட்டும். அந்த இடங்களைத் தண்ணீருக்குப் பிடிக்கும். ஆழம் சில நனோமீற்றர், அவ்வளவே.

3. ஆகையால் "பருத்தி மாதிரி ஆகிவிட்டது" என்று யாருக்கும் விற்காதீர்கள். நாரின் உள்ளே அதே பொலியெஸ்டர்தான். வியர்வை இழைவழியே அகலமாகப் பரவி, விரைவாகக் காயும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது பெரிய சுகம். மாரியில், காற்றே ஈரமாக நிற்கும்போது, எந்தத் துணியும் காயச் சுணங்கும். இரண்டு காலத்திலும் உடுத்துப் பார்த்துப் பேசுங்கள்.

4. கஞ்சி, நூற்பு எண்ணெய் எல்லாம் கழுவிய துணியையே மெசினில் விடுங்கள். அழுக்குத் துணியில் பிளாஸ்மா எண்ணெயைத்தான் மாற்றும்.

5. பின்னால் சிலிக்கோன் மென்மையூட்டி போடாதீர்கள். செய்த வேலை மூடிப்போகும்.

6. இதைத்தான் கம்பனிக்காரர் மெதுவாகச் சொல்வார்கள்: விளைவு தேயும். மேற்பரப்பு மூலக்கூறுகள் நாளடைவில் உள்ளே திரும்பிக்கொள்ளும், சலவையும் குறைக்கும். ஒரு சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து ஒரு துளி தண்ணீர் விடுங்கள். அதன் மினுக்கம் மறைய எத்தனை வினாடி? செய்த அன்று, மாதம் கழித்து, பல சலவைக்குப் பிறகு, மூன்றையும் எழுதிவையுங்கள். முதல் நாள் கணக்கை மட்டும் காட்டுகிறவனிடம் மெசின் வாங்காதீர்கள்.

7. காற்றுப் பிளாஸ்மாவில் ஓசோன் வரும். வாயுவை வெளியேற்றும் வசதி இல்லாத அறையில் நிற்காதீர்கள்.

8. வாயுவை மாற்றினால் குணமும் மாறும். புளோரின் கலந்த வாயு விட்டால் தண்ணீர் உருண்டு ஓடும். மீன்பிடிக்காரரின் மழைச்சட்டைக்கு நல்லது, ஆனால் அந்த வகைச் சேர்மங்கள் பல மண்ணில் எளிதில் அழியாதவை. நோக்கமும் ஒன்றல்ல: இந்தியாவின் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் அங்கோரா முயல் மயிரை நூற்க வசதியாக்கவே பிளாஸ்மாவைப் பயன்படுத்தியது. ஈரம் உறிஞ்சுவது அங்கே நோக்கமே இல்லை.

9. நம் கைத்தறிப் பருத்திச் சாரனுக்கு வியர்வைக்காக இந்தச் செலவு வேண்டாம்.